நாலு மணி இருபத்திரண்டு நிமிஷம்

ஆகாய விமானம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காகிதம் கிளம்புகிறது. எங்கே போகிறோம், எவ்வளவு நேரம் பறப்போம், எரியெண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் அதில் எழுதிக் கொடுக்கவேண்டும். பிரயாணிகள் கண்ணில் அது படுவதே இல்லை.

2016 நவம்பர் 28-ம் தேதி, பொலிவியா தேசத்து சாந்தா குரூஸ் விமான நிலையத்திலும் அப்படி ஒரு காகிதம் வந்தது. பிரேஸிலைச் சேர்ந்த ஷாப்பெகோயென்ஸே கால்பந்துக் குழு, இறுதி ஆட்டம் ஒன்றுக்காகக் கொலம்பியாவின் மெடலின் நகருக்குப் போக வேண்டியிருந்தது. லாமியா என்ற சிறிய கம்பெனியின் விமானத்தை வாடகைக்கு அமர்த்தியிருந்தார்கள். பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிஷம் என்று எழுதியிருந்தது. எண்ணெய் தாங்கும் நேரம்? அதுவும் 4 மணி 22 நிமிஷந்தான்!

வானத்தில் காத்திருக்க நேர்ந்தாலும், வேறு ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலும் போதுமான எண்ணெய் மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. அங்கிருந்த பெண் உத்தியோகஸ்தர் ஒருவர் குறையைச் சுட்டிக் காட்டியதாகப் பின்னால் சொன்னார். ஆயினும் விமானம் கிளம்பிவிட்டது. விமானியே கம்பெனியின் பங்குதாரர். வழியில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கலாம், போட்டுக்கொள்ளவில்லை.

மெடலினை நெருங்கியபோது வேறொரு விமானம் அவசரமாக இறங்க அனுமதி கேட்டிருந்தது. இது காத்திருந்து வட்டமிட்டது. நான்கு எஞ்சின்களும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. 77 பேரில் 71 பேர் மாண்டார்கள். மலைமேல் விழுந்த விமானம் தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு அதில் எண்ணெய் ஏது?

காகிதம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது. ‘நில்’ என்று சொல்லத்தான் ஆளில்லாமற் போயிற்று.