உவர் நிலத்தில் சூரியகாந்தி

வட மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், தில்லிக்கும் கான்பூருக்கும் இடையே ரயிலில் செல்லுங்கால், பசிய வயல்களின் நடுவே சுண்ணாம்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும் நிலங்களைக் கண்டிருப்போம். இப்பகுதி மக்கள் அவற்றை ‘ஊசர்’ என்பர். மேலே பூக்கும் உப்புக்கு ‘ரே’ என்று பெயர். நம் மொழியில் இதற்கு இரு சொற்கள் உண்டு. கரையும் உப்பு மிகுந்த மண் உவர். சோடியம் ஏறி இறுகி, நீர் உள்ளிறங்காமல் தேங்கும் மண் களர். கல்லாதவர்க்கு உவமை தேடிய திருவள்ளுவர் களர் நிலத்தையே எடுத்துக்காட்டினார். பயன் தராது என்று பழிக்கப்பட்ட இந்நிலத்தில் பயிர் எழுப்ப முயன்றவர்களின் வரலாறு நாம் அறியத்தக்கது.

இந்நிலங்களுள் ஒரு பகுதி இயற்கையில் அமைந்தது. மற்றொரு பகுதி மனிதன் வெட்டிய கால்வாய்களால் விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு யமுனைக் கால்வாய் புதுப்பிக்கப்பட்டது. கங்கைக் கால்வாய் 1854-இல் திறக்கப்பட்டது. பஞ்சத்தைத் தடுக்க வந்த நீர், வடிய வழியில்லாத இடங்களில் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தியது. அந்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாயிற்று. அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிவிட்டது. கர்நால் வட்டாரத்து முனக் கிராமத்தார் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதுபற்றி முறையிட்டனர். அந்த உழவர்களின் குறையே பின்வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முதல் வித்து எனலாம்.

அதன்பின் 1870-களில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் 1893-இல் வெளியிட்ட அறிக்கையில் ஊசர் நிலத்தைப்பற்றி எழுதினார். வேளாண் ரசாயன நிபுணரான லெதர், ஐக்கிய மாகாணத்தில் சோதனைகள் நடத்தி, ஜிப்சம் இடுவது நற்பயன் தருவதைக் கண்டார். ஜிப்சத்திலுள்ள கால்சியம், களிமண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தை வெளியேற்றி அதன் இடத்தைத் தான் பெறுகிறது. மண் நெகிழ்ந்து நீருக்கு வழிவிடுகிறது. விடுபட்ட சோடியம் அந்நீரோடு கழுவப்பட்டுப் போகிறது. மருந்து தெரிந்துவிட்டது, ஆயினும் அதன் விலை உழவனின் கைக்கு எட்டவில்லை. ஊசர் நிலங்கள் பின்னும் பல்லாண்டுகள் தரிசாகவே கிடந்தன.

1969-ஆம் ஆண்டில் இவ்வரலாறு ஒரு திருப்பத்தை அடைந்தது. மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் அவ்வாண்டில் நிறுவப்பட்டு, முனக் உழவர்கள் முறையிட்ட அதே கர்நாலில் நிலைகொண்டது. வரப்பெடுத்து நிலத்தைச் சமன்செய்து, ஹெக்டேருக்குச் சுமார் 10 முதல் 15 டன் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, முதற்பயிராக நெல் நடும் முறை அங்கே வகுக்கப்பட்டது. தக்கைப்பூண்டைப் பசுந்தாளுரமாக மடக்கி உழுவதும் அதற்குத் துணையாயிற்று. இராஜஸ்தானத்துச் சுரங்கங்களின் ஜிப்சம், அரசாங்க மானியத்துடன் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களை அடைந்தது.

எண்ணெய் வித்துப் பயிராகச் சூரியகாந்தியை இந்தியாவில் புகுத்தும் முயற்சி தொடங்கியதும் அதே 1969-இல்தான். வட அமெரிக்கப் பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கிய இச்செடி, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வந்து, பின்னர் ரஷ்யாவை அடைந்தது. அங்கே பூஸ்தவோய்த் என்னும் அறிஞர், விதையின் எண்ணெய்ச் சத்தைச் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினார். சமையல் எண்ணெய்ப் பற்றாக்குறையால் இடருற்ற நம் நாடு அந்த ரஷ்ய இரகங்களை வரவழைத்து, 1972-இல் வணிகப் பயிராக விதைத்தது. இது உவரை ஓரளவே தாங்கும் பயிர். அளவு மிஞ்சினால் விளைச்சல் படிப்படியாகக் குறையும். ஆயினும் இதன் ஆணிவேர் ஆழச் சென்று கீழுள்ள ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

இனி உரத்தைப்பற்றி ஒரு சொல். உரம் இட்டால் எந்த நிலமும் விளையும் என எண்ணுதல் எளிது. ஆனால் ரசாயன உரமும் ஓர் உப்பே என்பதை மறத்தலாகாது. குளோரைடு மிகுந்த மண்ணில் பொட்டாசியம் குளோரைடை மேலும் இடுவது சுமையைக் கூட்டும். சல்பேட் வடிவில் இடுதல் நலம். களர் மண்ணில் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகி வெளியேறுவதால் அதைச் சற்று மிகுதியாகவும், தவணை முறையிலும் இடவேண்டும். துத்தநாகச் சத்தும் அங்கே பயிருக்கு எளிதில் கிட்டாததால், துத்தநாக சல்பேட் தேவைப்படும்.

வளர்ச்சி ஊக்கிகளாகிய ஹார்மோன்களின் கதை வேறு நாட்டில் தொடங்கியது. நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக்கும் நோயை ஆராய்ந்த ஜப்பானியர் குரோசாவா, அந்நோய்க்குக் காரணமான பூசணம் சுரக்கும் ஒரு பொருளே அவ்விளைவைத் தருவதாக 1926-இல் கண்டார். அதுவே ஜிபெரலின். உப்பின் நெருக்கடியில் செடி தன் வளர்ச்சியை அடக்கும் அப்சிசிக் அமிலத்தைச் சுரக்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. விதையை ஜிபெரலின் கரைசலில் ஊறவைத்தால் உவர்நீரிலும் முளைப்பு மேம்படுவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. முளையின் இடரை அது தணிக்கும். மண்ணிலுள்ள உப்பில் ஒரு துளியையும் குறைக்காது.

இதற்குச் சான்றாக வங்கத்துச் சுந்தரவனத்தை நோக்கலாம். 2009 மே மாதத்தில் ‘ஐலா’ புயல் கரைகளை உடைத்துக் கடல்நீரை வயல்களில் புகுத்திற்று. மழைக்கால நெல்லை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பல, பிழைப்புத் தேடி வெளியூர் சென்றன. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அத்துயரம் விளங்காததன்று. மழை நீர் உப்பைக் கழுவிய பின், நெல் அறுத்த ஈரம் காயுமுன் சூரியகாந்தியை விதைத்தால், கோடையில் உப்பு மேலேறி உச்சமடைவதற்குள் பயிர் பெரும்பாலும் வளர்ந்துவிடும். வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காத்தால் உப்பு மேலேறுவதும் குறையும். அங்கே காலமறிந்து விதைப்பதே முதல் மருந்தாக அமைந்தது.

நம் நாட்டில் சுமார் 67 இலட்சம் ஹெக்டேர் நிலம் உப்பால் கெட்டிருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதனை மீட்கும் பணிக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நீருக்கு வடிகால், களராயின் அடுத்து ஜிப்சம், பின்னர் ஏற்ற பயிரும் பருவமும், அதன்மேல் அளவறிந்த உரம், இறுதியிலேயே ஊக்கி. கடைசிப் படியை முதற்படியாகக் கருதி மருந்துப் புட்டியை வாங்கும் உழவனின் பணமும் உழைப்பும் ஒருங்கே வீணாகும். நீரைக் கொணர்ந்தவர்கள் அது வடியும் வழியை மறந்ததால் வந்த கேட்டினை முனக் கிராமத்தார் அன்றே உணர்ந்து உரைத்தனர். நிலத்தோடு வாழ்வோரின் சொல்லுக்குச் செவிசாய்த்த பின்னரே ஆராய்ச்சி பலன் தந்தது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.