மூன்றாம் வரிசையில் யார்? இந்தியக் குடும்ப வண்டியின் பின்னிருக்கை வரலாறு

சென்ற மாதம் அண்ணன் அழைத்து, "மூன்று வரிசை எஸ்.யூ.வி. ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். எது நல்லது என்று கொஞ்சம் படித்துப் பார்த்துச் சொல்லேன்" என்றார். மொழியியல் படித்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று இது. ஆயினும் எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி முதல் குழந்தைகளின் பள்ளி வரை எதையும் "படித்துச் சொல்பவள்" என்னும் பொறுப்பு என் தலையில் விழுந்து நெடுநாளாகிறது. வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன், அண்ணி, குழந்தைகள் இருவர் என எழுவர். ஆண்டுக்கு இருமுறை விடுமுறைக்குச் செல்லும் நான் எட்டாமவள். பட்டியல் ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் படிக்கப் படிக்க, எந்த வண்டி என்பதைவிட அந்தக் கடைசி வரிசை எப்படித் தோன்றியது, அதில் யாரை அமர்த்துவதற்காகத் தோன்றியது என்பதே என்னைப் பிடித்துக்கொண்டது.

தொடக்கம் ஜீப்பில்தான். 1945இல் லூதியானாவில் 'மகிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரிவினைக்குப் பின் பங்காளிகளுள் ஒருவரான குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948இல் நிறுவனம் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. அது வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது 1947இல். போர்க்களத்துக்கு உருவான அவ்வண்டியை நீட்டியபோது, பின்புறம் எதிரெதிராக இரண்டு பலகைகள் போடப்பட்டன. காவல்துறை, வனத்துறை, தேர்தல் பரப்புரை, மலைத்தோட்டம் எல்லாவற்றுக்கும் அதுவே வண்டி. பக்கவாட்டில் அமர்ந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்லும் அந்தப் பலகையே நம் மூன்றாம் வரிசையின் மூதாதை. அங்கே ஏறியவர் காவலரோ கூலியாளோ ஆவார், 'குடும்பத்தினர்' அல்லர். குடும்பம் அம்பாசடரின் இரண்டு வரிசையில் ஒன்பது பேராக நெருக்கியடித்துக் கொண்டிருந்தது.

1994இல் டாட்டா சுமோ வந்தது. டாட்டா மோட்டார்ஸின் முன்னோடிகளுள் ஒருவரான சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து முதலிரு எழுத்துகளையும் குடும்பப் பெயரிலிருந்து முதலிரு எழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்து உருவான பெயர் அது. ஆனால் கேட்டவர் யாவரும் ஜப்பானிய மல்லரையே நினைத்தனர். வண்டியின் உடல்வாகும் அந்தப் பிழையான சொற்பிறப்புக்குத் துணைநின்றது. தமிழ்த் திரைப்படங்களில் வில்லனின் அடியாட்கள் வரிசையாகச் சுமோவில் வந்து இறங்கிய காலத்தை என் வயதினர் மறந்திருக்க முடியாது.

என் ஆய்வுப் பயணங்களில்தான் அப்பெயரின் மறுவாழ்வைக் கண்டேன். மிசோரத்திலும் அருணாசலத்திலும் 'சுமோ' என்றால் பகிர்ந்து செல்லும் மலைவண்டி. பயணச்சீட்டு விற்குமிடம் 'சுமோ கவுன்டர்'. வாசலில் நிற்பது வேறொரு நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் அது சுமோவே. காஷ்மீரிலும் இதே வழக்கு உண்டு. 2019இல் உற்பத்தி நின்ற பின்னும் சொல் நிற்கவில்லை. ஐசாலிலிருந்து சம்பாய் செல்லும் வழியில் பின்வரிசையில் நால்வருள் ஒருத்தியாக நான் அமர்ந்திருக்கிறேன். முன்னால் ஓட்டுநரருகே இருவர், நடுவில் நால்வர், பின்னால் நால்வர், பைகள் அனைத்தும் கூரைமேல். பின்வரிசையில் சீட் பெல்ட் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு கணம் பிந்தியே வந்தது. மூன்று வரிசை வண்டியைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத இரண்டு உண்மைகளை அன்று கற்றேன். ஒன்று, பின் அச்சின்மேல் அமர்பவருக்குச் சாலையின் ஒவ்வொரு குழியும் தனியே அறிமுகமாகும். மற்றொன்று, மூன்று வரிசையும் நிறைந்தால் மூட்டைக்கு இடமில்லை.

குடும்பத்தினர் முன்னோக்கி அமரும் மூன்றாம் வரிசையை இங்கே பரவலாக்கியது, என் கணிப்பில், ஓர் இந்தோனேசிய மான். 'கிஜாங்' என்பது அந்நாட்டு மொழியில் ஒருவகைச் சிறுமான். அப்பெயரில் 1977இல் டொயோட்டா எளிய பயன்பாட்டு வண்டி ஒன்றை அங்கே வெளியிட்டது. அதன் மூன்றாம் தலைமுறையின் உடன்பிறப்பு பிலிப்பைன்ஸில் 'டமராவ் எஃப்.எக்ஸ்.' எனப் பெயர் பெற்றது. டமராவ் என்பது மிந்தோரோ தீவின் குள்ள எருமை. மணிலாவில் 'எஃப்.எக்ஸ்.' என்ற இரண்டெழுத்து, பகிர்வுந்து என்ற பொதுப்பெயராகவே மாறிவிட்டது. ஐசாலின் சுமோவுக்கும் மணிலாவின் எஃப்.எக்ஸுக்கும் நேர்ந்தது ஒன்றே: பலர் நெருக்கி அமரும் வண்டிக்கு ஊர்மக்கள் தாமே பெயர் வைத்துக்கொண்டனர்.

அதே கிஜாங், பிடதி ஆலையிலிருந்து 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'குவாலிஸ்' என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்தது. வெளிநாட்டில் பழையதாகிவிட்ட வண்டி என்று பத்திரிகையாளர் முகம் சுளித்தனர். வாடகை வண்டிக்காரர்களும் பெருங்குடும்பத்தினரும் சுளிக்கவில்லை. 2005இல், நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, நிறுவனம் குவாலிஸை நிறுத்திவிட்டு இன்னோவாவை இறக்கியது. இந்த முடிவின் துணிச்சலைப் பற்றி வணிகம் படிப்போர் பேசிக்கொள்ளட்டும். எனக்கு முக்கியமாகப்படுவது பின் அச்சு. குவாலிஸில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருந்த இடத்தில் இன்னோவாவில் சுருள்வில் வந்தது. கனத்த சேஸிஸின் மேல் உடலை ஏற்றிவைக்கும் பழைய கட்டுமானமே தொடர்ந்தபோதிலும், கடைசி வரிசையில் இருப்பவர் இடையில் நிறுத்தச் சொல்லாமல் ஊர்போய்ச் சேர முடிந்தது. நடுவரிசையில் தனித்தனி இருக்கை கொண்ட ஏழுபேர் வகையும், நீள்இருக்கை கொண்ட எட்டுப்பேர் வகையும் அன்றே பிரிந்தன. அந்தப் பிரிவு எங்கள் வீட்டில் இப்போது பெரும் பூசலாகியிருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இனி வரி. மொழியியல் மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். 2013ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை எஸ்.யூ.வி.க்கான கலால் வரியை 27 விழுக்காட்டிலிருந்து 30ஆக உயர்த்தியது. உயர்த்த வேண்டுமெனில் எஸ்.யூ.வி. எது என்று சொல்லியாக வேண்டும். இயந்திரம் 1500 சி.சி.க்கு மேல், நீளம் 4000 மி.மீ.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்ற அளவுகளோடு, 'எஸ்.யூ.வி. எனப் பொதுவழக்கில் அறியப்படுபவை' என்ற தொடரும் சட்டத்தில் இடம்பெற்றது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அத்தொடர் உடன்வந்தது. பொதுவழக்கு என்றால் யாருடைய வழக்கு? விளம்பரம் எழுதுபவருடையதா, வாங்குபவருடையதா, வரி அதிகாரியினுடையதா? 2022 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம், பெயர் வழக்கு உட்பட நான்கு நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தினாலேயே 22 விழுக்காடு கூடுதல் தீர்வை என்று தெளிவுபடுத்தியது. அதாவது 28உடன் சேர்த்து 50. ஏழு மாதம் கழித்து, 2023 ஜூலையில், 'எப்பெயரால் அழைக்கப்பட்டாலும்' என்று மாற்றியது. தரை இடைவெளியை ஆளும் சுமையும் ஏறாத நிலையில் அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது. இருப்பது பெயரிலா பொருளிலா என்ற பழைய வழக்கில், சட்டம் ஒருவாறு பொருளின் பக்கம் சாய்ந்தது.

அளவுகோல் வந்தால் வண்டி அதற்கேற்ப வளையும். தரை இடைவெளியை 170க்குக் கீழே இறக்கி வரியிலிருந்து தப்பிய வண்டிகள் இருந்தன. 4 மீட்டர் என்ற எல்லை இன்னும் வலியது. 2016இல் பொலேரோவுக்கு ஒன்றரை லிட்டர் இயந்திரம் வைத்து, நீளத்தையும் 3995 மி.மீ.க்குச் சுருக்கினர். ரெனோ டிரைபர் 2019இல் 3990 மி.மீ.க்குள் ஏழு இருக்கைகளை அடக்கியது. அதன் கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் போகலாம். நேர்மையான ஏற்பாடு என்பேன்: ஆள் வேண்டுமா, மூட்டை வேண்டுமா, நீயே முடிவுசெய் என்கிறது. ஆனால் சுருக்கப்பட்ட ஒவ்வொரு மில்லிமீட்டரும் முதல் வரிசையிலிருந்து எடுக்கப்படவில்லை என்பதைப் பின்னால் அமர்ந்தவர் அறிவர். 2025 செப்டம்பர் 22 முதல் இக்கணக்கு எளிதாகிவிட்டது. 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 அல்லது டீசல் 1500 சி.சி.க்குள் அடங்கினால் 18 விழுக்காடு. மின்வண்டி நீங்கலாக, அதைத் தாண்டிய குடும்ப வண்டிக்கு எப்பெயராயினும் 40. ஆகவே எஸ்.யூ.வி. என்ற பெயருக்காக இன்று அரசு தனியே எதையும் வாங்குவதில்லை. அப்பெயருக்கு விலை கொடுப்பது நாம்தான்.

அப்பெயரின் பெருக்கம் அண்மையது. 2021இல் மட்டும் புதிய சஃபாரி, அல்கசார், எக்ஸ்.யூ.வி. 700 ஆகிய மூன்றும் வந்தன. 1998இன் பழைய சஃபாரியில் கடைசி இருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தன. புதியதில் அவை முன்னோக்குகின்றன. அது ஹாரியரின் நீட்சி. அல்கசார் கிரெட்டாவின் நீட்சி. இரண்டு வரிசைக்காக வரையப்பட்ட வண்டியைப் பின்னால் நீட்டி மூன்றாவதைச் செருகும்போது, தரைக்கும் இருக்கைக்கும் இடையே உயரம் போதாமல் முழங்கால் மார்பை நோக்கி எழுகிறது. எல்லா வண்டியிலும் இது ஒரே அளவில் இல்லை. ஆனால் எர்டிகா, இன்னோவா போலத் தொடக்கத்திலேயே மூன்று வரிசைக்கு வரையப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரிகிறது. 'எம்.பி.வி. என்றால் டாக்ஸி மாதிரி இருக்கும்' என்று அண்ணன் சொல்வதில் வெளிப்படுவது இடவசதி பற்றிய கருத்தன்று, தகுதி பற்றிய கருத்து. ஜீப்பின் பலகையில் அமர்ந்தவரைக் குடும்பமாகக் கருதாத அதே மனம், குடும்பத்தையே அமர்த்தப் பிறந்த வண்டியை இன்று வாடகை வண்டி என்கிறது.

சென்ற வாரம் விடுமுறையில் வந்திருந்தபோது பாட்டியையும் அழைத்துக்கொண்டு காட்சிக்கூடங்களுக்குப் போனோம். விற்பனையாளர்கள் கூரைக் கண்ணாடியையும் பெரிய திரையையும் காட்டினர். பாட்டி எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் வலது கையால் கதவோரத்தைப் பற்றி, இடது காலை வைத்துப் பார்த்தார். சேஸிஸின் மேல் ஏறிநின்ற உயரமான வண்டி ஒன்றில் இரண்டு முறை முயன்றுவிட்டு, "இதுக்கு ஒரு மணை வேணும்டா" என்றார். அண்ணன் விரும்பியது அந்த வண்டியைத்தான். அவர் முகம் வாடியதை அண்ணி பார்த்தார், நானும் பார்த்தேன்.

தனி சேஸிஸ் இல்லாமல், உடலே சட்டகமாக அமைந்ததால் தரை தாழ்ந்த வண்டி வகையில் வந்து நின்றிருக்கிறோம். 2022 இறுதியில் இன்னோவாவும் ஹைகிராஸ் என்ற பெயரில் இந்த வகைக்குத்தான் மாறியது. கடைசி வரிசையில் மூன்றுமுனை சீட் பெல்ட்டும் தலையணையும் எல்லா இருக்கைக்கும் உண்டா என்பதை நானே பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குழந்தைகள் அங்கேதான் அமரப்போகிறார்கள்.

எஞ்சியிருப்பது ஏழா எட்டா என்பது. நடுவில் தனி இருக்கைகள் இருந்தால் பாட்டிக்குக் கைதாங்கி கிடைக்கும், இருக்கை ஏழாகும். நீள்இருக்கை என்றால் எட்டு. "ஆண்டுக்கு இரண்டு முறை வருபவளுக்காக ஒரு இருக்கையா?" என்று அண்ணன் கேலியாகத்தான் கேட்டார். நானும் ரயிலில் வந்துவிடுவேன் என்றேன். பாட்டி வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, கைதாங்கி இல்லாவிட்டால் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். அண்ணன் இன்னும் முன்பணம் கட்டவில்லை.