சக்கரத்தின் அகலம்

கரிசல் மண்ணைப் பற்றிச் சங்கரன்கோவில் வட்டாரத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே நிலம், ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் பசையாகிவிடும். பருத்திப் பாரம் ஏற்றிய கட்டை வண்டி அதில் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். குடமும் ஆரக்காலும் வட்டையும் மரத்தால் ஆனவை. வட்டையின் மேல் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டா. அதன் அகலம் ஏறத்தாழ 2 அங்குலந்தான். பாரம் முழுவதும் அந்தக் குறுகிய பட்டா வழியாகவே மண்ணில் இறங்கியதால், அது மண்ணைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

இன்று அதே வட்டாரத்தில் அலாய் சக்கரம் பூட்டிய பழைய கார் ஒன்றை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டயர்கள் தேய்ந்திருக்கின்றன. "அடுத்த முறை அகலம் குறைந்த டயராகப் போட்டால் விலையும் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும்" என்று அவர் கணக்குப் போடுகிறார். "அகலம் குறைந்தால் பிடிப்புப் போய்விடும்" என்று நண்பர் அச்சுறுத்துகிறார். இருவரில் யார் சொல்வது சரி? இதற்கு விடை காணச் சக்கர அகலத்தின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் அகலத்தை அளந்து சட்டம் போட்ட நாடு இங்கிலாந்து. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பார வண்டிகள் மண் சாலைகளை உழுது நாசமாக்கின. ஆகவே 1753இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, சுங்கச் சாலைகளில் ஓடும் கனத்த வண்டிகளின் சக்கர வட்டை 9 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்று விதித்தது. அத்தகைய வண்டிகளுக்குச் சுங்கச் சலுகையும் பின்னர் கிடைத்தது. அகன்ற சக்கரம் உருளையைப் போலச் சாலையை அமுக்கிச் சமப்படுத்தும் என்பது எண்ணம். ஆனால் வண்டிக்காரர்கள் வல்லவர்கள். 9 அங்குல வட்டையின் நடுவில் உள்ள பட்டாவை மட்டும் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும்படி செய்துவிட்டார்கள். அளப்பவருக்கு 9 அங்குலம். சாலைக்கோ பழைய குறுகல் பட்டா! எழுதிக் காட்டும் அகலம் வேறு, தரையைத் தொடும் அகலம் வேறு என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

காற்று டயருக்கு 1845இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். அது நடைமுறையில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் உருவாக்கினார். 1895இல் மிஷ்லின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். தொடக்கக் காலக் கார் டயர்கள் ஒல்லியானவை. உள்ளே காற்றின் அழுத்தம் மிக அதிகம். 1923இல் அமெரிக்காவின் பயர்ஸ்டோன் நிறுவனம் பருத்த 'பலூன்' டயரைக் கொணர்ந்தது. அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, சவாரி மென்மையாயிற்று. டயர் அகலமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றியது இதன் பிறகுதான்.

நம் நாட்டில் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை எழுந்தது. சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. கரிசல் காட்டுக்கும் 'டயர் வண்டி' வந்து சேர்ந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று 1970களிலும் 80களிலும் ஓயாமல் வாதாடினார். காற்று டயர் பூட்டினால் மாட்டின் கழுத்துச் சுமையும் சாலையின் சேதமும் குறையும் என்பது அவர் கூற்றுகளுள் ஒன்று.

அந்நாளைய கார்களின் டயர் அளவைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அம்பாசடர் காரின் டயரில் 5.90–15 என்று பொறித்திருக்கும். அகலம் 5.90 அங்குலம், அதாவது ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம். பிரீமியர் பத்மினிக்கு 5.20–14. முன்னால் மூவர், பின்னால் ஐவர், மேலே மூட்டை என்று குற்றாலத்துக்குப் போய்வந்த அம்பாசடர், இன்று நாம் 'ஒல்லி' என்று ஒதுக்கும் டயரை விட ஒல்லியான டயரில்தான் ஓடிற்று. 1948இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோயன் 2சிவி என்ற உழவர் காரின் டயர் அகலம் வெறும் 125 மில்லிமீட்டர். உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அதன் வடிவமைப்பாளர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை!

இனி இயற்பியலுக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 300 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 300ஐ 2.1ஆல் வகுத்தால் 143 சதுர சென்டிமீட்டர். நம் அஞ்சலட்டையை விடச் சற்றுப் பெரிய இந்தப் பரப்பின் மேல்தான் ஒவ்வொரு சக்கரமும் நிற்கிறது. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்காவது வந்ததா? வரவில்லை. டயர்ச் சுவரின் விறைப்பு கொஞ்சம் மாறுதல் செய்யுமாயினும், தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை எடையும் காற்றழுத்தமுந்தான். அகலம் குறைந்தால் அந்தத் தடம் குறுகி நீளுகிறது; அவ்வளவே.

ஆனால் தடத்தின் வடிவம் மாறுவதும் சிறிய செய்தியன்று. குறுகிய தடம் மழைநீரை எளிதில் பிளந்து ஒதுக்கும். அகன்ற தடம் உலர்ந்த சாலையில் வளைவுகளில் திருப்பத்துக்கு விரைந்து இணங்கும். 1960களில் அமெரிக்க நாசாவைச் சேர்ந்த வால்டர் ஹார்ன், நீர் தேங்கிய ஓடுபாதையில் விமானச் சக்கரம் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை ஆராய்ந்தார். அது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார். அவருடைய சூத்திரப்படி 30 பவுண்டு அழுத்தத்துக்கு மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில் மிதப்பு தொடங்கலாம். காற்றுக் குறைந்த டயருடன் மழையில் விரைபவர் எத்தகைய ஆபத்தைத் தேடிக்கொள்கிறார் என்பதை இதிலிருந்து அறியலாம்.

அலாய் சக்கரத்தின் வரலாறு 1924இல் தொடங்குகிறது எனலாம். பிரான்சின் லியோன் நகர்ப் பந்தயத்தில் புகாட்டி தம் 35ஆம் எண் காரை வார்ப்பு அலுமினியச் சக்கரங்களுடன் இறக்கினார். பார்த்தவர் மயங்கும் சக்கரங்கள்! ஆனால் டயர்களின் ரப்பர் பிய்ந்துபோனதால் கார்கள் பின்தங்கின. சக்கரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதற்கேற்ற டயர் அமையாவிட்டால் பயனில்லை. 1970களில் பிரெல்லி பி7 போன்ற உயரம் குறைந்த, அகன்ற டயர்கள் வந்தபின், அகன்ற அலாய் சக்கரம் வேகத்தின் அடையாளமாகிவிட்டது. நம் ஊர்களில் இன்று அது பெரும்பாலும் அழகுக்காகவே பூட்டப்படுகிறது. அதில் தவறில்லை, கணக்குத் தெரிந்து பூட்டினால்.

அந்தக் கணக்கை நம் சங்கரன்கோவில் கார்க்காரருக்கே போட்டுக் காட்டுவோம். அவர் டயரில் 195/60 ஆர் 15, 88 என்று இருப்பதாகக் கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். தரையைத் தொடும் பகுதியின் அகலம் அன்று. பக்கச் சுவர்கள் மிகப் பருத்திருக்கும் இடத்தின் அகலம். (9 அங்குல வட்டை நினைவுக்கு வருகிறதா?) 60 என்பது அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டும். ஆர் என்பது ரேடியல் வகை. 15 சக்கர விட்டம். 88 என்பது சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும்.

இதற்குப் பதில் 185/60 ஆர் 15 போடலாமா? மொத்த விட்டம் 615 மில்லிமீட்டரிலிருந்து 603 ஆகக் குறையும். கார் தாழும், வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 98தான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த டயரின் வழக்கமான சுமைக் குறியீடு 84. தாங்குவது 500 கிலோ. சக்கரத்துக்கு 60 கிலோ போய்விட்டது! கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். பல நேரங்களில் அவருக்கே தெரியாது. அதே அகலத்தில் 185/65 ஆர் 15 எடுத்தால் சுமைக் குறியீடு 88 ஆகவே நிற்கிறது. விட்டம் 621.5, மாறுதல் நூற்றுக்கு ஒன்றுதான். பக்கச் சுவரும் சற்று உயர்வதால் பள்ளத்தில் விழும்போது அலாய் விளிம்புக்குப் பாதுகாப்பு அதிகம்.

அடுத்தது சக்கரத்தின் அகலம். அலாயின் உட்புறத்தில் 6 ஜே என்றோ 7 ஜே என்றோ பொறித்திருக்கும். எண், விளிம்புகளுக்கு இடையே உள்ள அங்குல அகலம். ஜே, விளிம்பின் வடிவம். 185/65 டயருக்கு ஏற்றது 5 முதல் 6.5 அங்குலம் வரை. ஆகவே 6 ஜே சக்கரத்தில் அது ஒழுங்காக உட்காரும். 7 ஜே சக்கரத்தில் பூட்டினால் இரு விளிம்பும் வெளியே இழுபட்டு, சுவர் சாய்ந்து நிற்கும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, வளைவில் வேகமாகத் திரும்பினாலோ டயரின் உள்விளிம்பு சக்கரத்தை விட்டு நழுவிக் காற்று முழுவதும் ஒரே நொடியில் வெளியேறலாம். அழகுக்காக 7 அங்குல அலாய் வாங்கியவர் செலவைக் குறைக்க ஒல்லி டயர் தேடுவது இந்த இடத்தில் முடியாத காரியம். அவர் சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்ரோல் மிச்சமாகுமா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. ஒல்லி டயர் எடை குறைந்தது, எதிர்க்காற்றைத் தடுப்பதும் குறைவு. 2013இல் பி.எம்.டபிள்யூ. தன் ஐ3 மின்சாரக் காருக்கு 155/70 ஆர் 19 என்ற ஒல்லியான, ஆனால் மிக உயரமான டயரைத் தேர்ந்தது இதற்காகவே. விட்டம் பெருத்ததால் தடம் நீண்டு, பிடிப்பும் குறையவில்லை. ஆனால் அது அந்தக் காருக்கென்றே அளந்து செய்த டயர். நம் நண்பர் 10 மில்லிமீட்டர் குறைப்பதால் கிடைக்கும் மிச்சம் சொற்பமே. மாதம் இருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்த்தாலே அந்த அளவு கிடைத்துவிடும். எவ்வளவு காற்று, எந்த அளவு டயர் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர்ப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியுள்ள தாளில் இருக்கிறது.