போதையில் வாகனம் ஓட்டுதல்: அளவைச் சட்டமும் விடுபட்ட வினாவும்

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைக்கும் பாம்பன் சாலைப்பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. தீவுக்கு மோட்டார் வாகனங்கள் நேரடியாகச் செல்லலாயின. அதே மாதம் 14ஆம் நாள் மோட்டார் வாகனச் சட்டம் ஒப்புதல் பெற்று, 1989 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வுடனிகழ்வு தற்செயலானதே, எனினும், அப்பாலத்தைக் கடக்கும் ஓட்டுநர் எவரும் அச்சட்டத்துக்கு உட்பட்டவரே.

முந்தைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவு ஓட்டுநர் போதையில் இருந்தாரா என்று கேட்டது. புதிய சட்டத்தின் 185ஆம் பிரிவோ குருதியில் மது எத்துணைச் சிறிதளவு இருப்பினும் குற்றம் என்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராம் என வரம்பிட்டு, அதனை மூச்சுச் சோதனைக் கருவியால் அறியச் செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரை இருந்த தண்டத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. அளவை துல்லியமாயிற்று, ஓட்டுநர் மதுவுக்கு அடிமையானவரா என்ற வினா எவ்விடத்தும் எழவில்லை.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1966இலேயே இத்தகையோருக்கு வகுப்பு தொடங்கப்பெற்றது. பின்னர் அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில், குடிப்பழக்கத்தின் தன்மையை மதிப்பிட்டபின் வகுப்புக்கோ சிகிச்சைக்கோ அனுப்பும் முறை நிலைபெற்றது. இங்கு 2019இல் சேர்க்கப்பட்ட 19ஆம் பிரிவின் 2அ உட்பிரிவும், உரிமம் இடைநிறுத்தப்பட்டோர் புத்தாக்கப் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. ஆயின் அது வாகனம் ஓட்டும் பயிற்சி; குடிப்பழக்கத்தை மதிப்பிடுவதன்று.

சட்டத்தில் வழியே இல்லை எனவும் கூறவியலாது. 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, போதைப்பொருள் தவிர்த்தலைப் பிணைமுறியின் நிபந்தனையாக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. சிகிச்சையும் புதிதன்று, டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980இலேயே சென்னையில் தோன்றிவிட்டது. நீதிமன்றத்தையும் சிகிச்சை மையத்தையும் இணைக்கும் விதி மட்டும் 185ஆம் பிரிவில் இடம்பெறவில்லை.