மதனப்பள்ளியிலிருந்து சென்னைக்கு: செயல்வழிக் கற்றலின் வரலாற்றுத் தடம்

முன்னுரை

தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் 2007ஆம் ஆண்டு முதல் பரவலாக நடைமுறைக்கு வந்த 'செயல்வழிக் கற்றல்' முறையின் வேர், வேங்கடத்திற்கு மேற்கே, மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த அச்சிற்றூர்ப் பகுதியில் தெலுங்கில் உருவான ஒரு கற்பித்தல் முறை, தமிழ் வகுப்பறைக்குள் எவ்வாறு வந்தது, வருகையில் எதனைக் கொணர்ந்தது, எதனை இழந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் தேவையும்

மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்த ஊர். அச்சமும் போட்டியும் அற்ற கல்வியே மெய்க்கல்வி என்னும் அவர்தம் கருத்தின் வழி அமைந்தது ரிஷிவேலிப் பள்ளி. அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய டேவிட் ஆர்ஸ்பரோ, 1972இல் அண்மையிலுள்ள கோலார் மாவட்டத்தில் 'நீல்பாக்' பள்ளியை நிறுவிப் பல வயதுக் குழந்தைகளை ஒருங்கே அமர்த்தித் தேர்வின்றிக் கற்பித்தார். இச்சூழலில் 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா இருவரும் ரிஷிவேலியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கான ஓராசிரியர் பள்ளிகளை வளர்த்தெடுத்தனர்.

அப்பள்ளிகளின் இடர்ப்பாடு தெளிவானது. ஆசிரியர் ஒருவர்; வகுப்புகளோ பல. ஆடு மேய்க்கவும் அறுவடைக்கும் சென்று திரும்பும் குழந்தைக்குப் பாடநூல் காத்திருப்பதில்லை. எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருப்பர் என்பது பாடநூலின் எண்ணம். சிற்றூர் வாழ்க்கை அதற்கு இடந்தரவில்லை. எனவே பாடம் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டு அட்டைகளாக்கப்பட்டது. அப்படிகளின் வரிசையைக் காட்டும் 'கற்றல் ஏணி' சுவரில் இடம்பெற்றது. குழந்தை தான் விட்ட படியிலிருந்தே மீண்டும் தொடங்கலாம். விதைகளை எண்ணுதல், இலைகளை வகைப்படுத்துதல், ஊர்க்கதையை நடித்தல் எனக் கையும் கண்ணும் முதலில் செயற்பட, விதி பின்னர் வந்தது. ஆசிரியர்களே கூடிக் கருவிகளை ஆக்கினர் என்பது இம்முறையின் உயிர்நாடியாகும்.

தமிழ் மரபில் முன்னோடிகள்

ஒரே கூடத்தில் பல நிலை மாணவர் கற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பயின்ற சிறுவர் தத்தம் நிலைக்கேற்ப முன்னேறினர். சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். இதனை ஒத்த முறையை எழும்பூரில் கையாண்ட ஆண்ட்ரூ பெல், 1797இல் அதுபற்றி நூல் வெளியிட, அது 'சென்னை முறை' என இங்கிலாந்தில் பரவியது. எனினும் திண்ணையில் மனப்பாடமே முதன்மை பெற்றது; குழந்தையின் வினாவிற்கு அங்கு இடம் குறைவு. அமைப்பில் ஒற்றுமையும் நோக்கில் வேற்றுமையும் உள்ளன எனலாம்.

தமிழகம் வந்த வழி

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானபோது, அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே பழைய வட ஆர்க்காட்டின் மற்றொரு கூறாகிய வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட சிறாரின் கல்வியில் ஈடுபட்டவர் எம்.பி. விசயகுமார். அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த 2003இல், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ரிஷிவேலி முறை தொடங்கப்பெற்றது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்குச் சென்று பயின்று, தமிழில் அட்டைகளை உருவாக்கினர். 2007-08இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழி 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இம்முறை விரிந்தது.

இதனால் வகுப்பறையின் தோற்றமே மாறியது. குழந்தைகள் பாயில் அமர்ந்தனர்; அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ்ந்தது; அவர்தம் ஓவியங்கள் கம்பிப் பந்தலில் தொங்கின. அகரத்தில் தொடங்கும் நெடுங்கணக்கு வரிசையை விடுத்து, ட, ப, ம முதலிய எளிய வரிவடிவ எழுத்துகளிலிருந்து தொடங்கியமை தமிழ் கற்பித்தலில் ஒரு பெருந்திருப்பமாகும். சில எழுத்துகளை அறிந்தவுடன் 'படம்', 'மடம்' எனப் பொருளுடைய சொல்லைக் குழந்தை தானே ஆக்க இயன்றது.

மதிப்பீடு

எனினும் விரிவு தனக்கென ஒரு விலையைப் பெற்றது. ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியர் கையால் ஆகிய அட்டை, மாநிலமெங்கும் ஒன்றேயாக அச்சிடப்பட்டு வந்தபோது, அதனை மாற்றும் உரிமை ஆசிரியரிடமிருந்து விலகியது. மாற்றவியலாத அட்டை, துண்டுகளாக்கப்பட்ட பாடநூலே ஆகும். குழந்தையின் வினா ஏணியின் படியில் இல்லாதபோது, அவ்வினாவைப் பின்தொடர ஆசிரியர்க்கு உரிமை வேண்டும். அது இல்லையெனில் ஏணி எஞ்சும், ஆர்வம் எஞ்சாது.

முடிவுரை

2022 சூனில் தமிழகம் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பெயர்கள் மாறினும் வினா ஒன்றே. ரிஷிவேலி வழங்கிய கொடை அட்டையோ ஏணியோ அன்று. தன் வகுப்பிற்குரிய கருவியைத் தானே ஆக்கும் ஆசிரியரே அக்கொடை. அவ்வாசிரியருக்கு இடமளிக்கும் அளவே எந்தத் திட்டத்தின் வெற்றியும் அமையும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.