கண்ணாடிச் சுவர்

கட்டடத்தின் எடையைத் தாங்காமல், உள்ளையும் வெளியையும் பிரிக்க மட்டும் நிற்கும் பெரிய கண்ணாடிப் பலகைகளின் தொடரே கண்ணாடிச் சுவர். எடையை எஃகுத் தூண்களும் கான்கிரீட் தூண்களும் ஏற்றுக்கொண்ட பிறகே இது கைகூடியது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. தேய்த்து மெருகேற்றும் வேலை இல்லாமல் போனதால் பெரிய பலகைகள் காலப்போக்கில் மலிவாயின. ஆனால் நிழலும் காற்றோட்டமும் இல்லாத கண்ணாடி வீட்டுக்கு உறையாகாது. வெயிலை உள்ளே விட்டு, உள்ளே சூடான பொருள்கள் வெளியிடும் வெப்பக் கதிரைத் தடுத்துவிடுவது அதன் இயல்பு. லண்டனில் 1851இல் படிக மாளிகையை எழுப்பிய ஜோசப் பாக்ஸ்டன், செடிகளுக்குக் கண்ணாடிக் கூடம் கட்டிப் பழகிய தோட்டக்காரர் என்பதால் இதை நன்கு அறிந்திருந்தார். கூரைமேல் துணி விரித்தார். சுவர்களில் திறந்து மூடும் காற்றுப் பலகைகள் வைத்தார்.

அந்த அறிவைப் பின்வந்தவர்கள் கைவிட்டதுதான் வருத்தத்துக்குரியது. பாரிசில் வீடற்றோருக்காக லெ கொர்பூசியே வடிவமைத்து 1933இல் திறக்கப்பட்ட விடுதியின் தெற்கு முகம், சன்னலே திறக்காத ஒற்றைக் கண்ணாடி. திட்டமிட்ட இரட்டைக் கண்ணாடியும் குளிரூட்டலும் செலவு கருதி விடப்பட்டன. கோடையில் உள்ளே இருப்பவர்கள் வெந்தார்கள். திறக்கும் சன்னல்களும், போருக்குப் பின் வெயில் தடுப்புகளும் அங்கே பின்னால் வந்தவையே. மீஸ் வான் டெர் ரோ இல்லினாயில் 1951இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் இன்றும் கொண்டாடப்படுகிறது. அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் நாற்புறமும் ஒற்றைக் கண்ணாடி. கதவை விட்டால், படுக்கைப் பக்கம் தாழ்வாக இரண்டே சிறு திறப்புகள். குளிர்காலத்தில் அறையின் ஈரம் கண்ணாடியில் முத்துமுத்தாய்க் கோத்து வழிந்தது.

இன்றைய கண்ணாடி அப்படியல்ல என்பார்கள். உண்மைதான். ஒற்றைக் கண்ணாடி வழியே சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்ப வேறுபாட்டில், 5.8 வாட் அளவுக்கு வெப்பம் கடக்கும். ஆர்கான் நிரப்பிய, உலோகப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில் அது ஏறத்தாழ 1.1 ஆகக் குறைகிறது. ஆனாலும் நன்கு காப்பிட்ட சுவரில் அது 0.2 அல்லது 0.3தான். பகல் வெளிச்சம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதமும் பாதிதான் சரி. அறையின் ஆழத்துக்கு வெளிச்சம் கொண்டுசெல்வது சுவரின் மேற்பகுதி. மேசைக்குக் கீழுள்ள கண்ணாடி வெப்பத்தைத்தான் கூட்டுகிறது. கண் கூசினால் திரையை இறக்கி விளக்கைப் போடுகிறார்கள். உள்ளே தொங்கும் திரையோ, கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பாது. அதனால் தடுப்பு வெளிப்புறம்தான் இருக்க வேண்டும்: உச்சி வெயில் படும் முகத்துக்குக் கிடைமட்டப் பலகை, தாழ்ந்து வரும் மேற்கு வெயிலுக்குச் செங்குத்துப் பலகை.