கல்லீரல் சுருக்க நோயில் உப்பும் நீரும் உடலில் தங்குவது ஏன்?

கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) முற்றிய நிலையில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் கால்கள் வீங்குவதும் பரவலாகக் காணப்படுகின்றன. அப்போது இரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைவாக இருப்பதைக் கண்டு, உணவில் உப்பைக் கூட்டிவிடுவோர் உண்டு. இது வீக்கத்தை மேலும் அதிகரிக்கும்.

உடலில் நிகழ்வது என்ன?

தழும்பேறிய கல்லீரலின் வழியே இரத்தம் எளிதில் செல்ல இயலாது. எனவே, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்கிறது. நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்கள் மிகுந்து, குடல் பகுதி இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. இரத்தம் அங்கே மிகுதியாகத் தங்குவதால், உடலில் நீர் நிறைந்திருந்தும் சிறுநீரகங்கள் இரத்தம் குறைந்துவிட்டதாகவே உணர்கின்றன. உடனே பின்வரும் ஹார்மோன்கள் செயல்படுகின்றன:

• ரெனின்: சிறுநீரகத்தில் சுரந்து, ஆஞ்சியோடென்சின் உருவாக வழிசெய்கிறது.
• ஆல்டோஸ்டிரோன்: ஆஞ்சியோடென்சினின் தூண்டுதலால் அட்ரீனல் சுரப்பியில் சுரக்கிறது. சிறுநீரில் வெளியேற வேண்டிய சோடியத்தை இரத்தத்திற்கே திருப்புகிறது. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் தங்குகிறது.
• வாசோபிரெசின்: பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளிப்பட்டு, நீரை மட்டும் தனியாகத் தக்கவைக்கிறது.

தங்கிய நீர், உயர்ந்த அழுத்தத்தாலும் ஆல்புமின் புரதக் குறைவாலும் வயிற்றினுள் கசிகிறது.

சோடியம் குறைவாகக் காட்டுவது ஏன்?

இந்நோயாளிகளின் உடலில் மொத்தச் சோடியம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அதைவிட அதிகமாக நீர் தங்குவதால் இரத்தம் நீர்த்து, அளவு குறைவாகத் தெரிகிறது. சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகளின் அளவு மிகுந்தாலும் சோடியம் குறையலாம். காரணத்தை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நீர் அருந்துவதையும் மருத்துவர் கூறினால் மட்டுமே குறைக்க வேண்டும்.

சிகிச்சை

ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை ஆல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கிறது. தேவைக்கேற்ப ஃபுரோசெமைடும் சேர்த்து வழங்கப்படும். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் அளவுகளைக் குறித்த காலத்தில் பரிசோதிப்பது அவசியம். ஆண்களுக்கு மார்பகம் வீங்கி வலித்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• நாளொன்றுக்கு மொத்த உப்பு ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டலாகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• இந்துப்பும் சோடியம் உப்பே. சோடியம் குறைந்த மாற்று உப்புகளில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரனோலாக்டோன் உட்கொள்வோருக்கு அது ஆபத்து.
• உப்பைக் குறைக்கும்போது உணவைக் குறைக்கலாகாது. பருப்பு, முட்டை போன்ற புரத உணவுகள் தேவை.
• தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்துக் குறித்து வைக்கவும். சிகிச்சையின்போது கால் வீக்கம் இல்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு அரை கிலோவுக்கு மேலும், வீக்கம் உள்ளவர்களுக்கு 1 கிலோவுக்கு மேலும் எடை குறைந்தால் மருத்துவரிடம் கூறவும்.
• இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும், தவிர்க்கவும்.
• மது முற்றிலும் கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், மனக்குழப்பம், மிகுந்த தூக்கம், இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது.